மிச்சக்கால்

முதல் வியாழக்கிழமை என் வீட்டுக்காரருக்கு வந்த நம்பர் நாற்பத்தொன்று.

“கொஞ்சம் கம்மிதான் அங்கிள்,” என்றாள் ஹரிப்ரியா, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே. “ஐம்பத்தஞ்சுக்கு மேல இருந்தா நல்லது. இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம். இப்படியே வந்தா டாக்டர்கிட்ட அனுப்பிடுவோம்.”

அந்தப் பெண்ணுக்கு அது சாதாரணப் பேச்சு. எங்களுக்கு அப்படி இல்லை. ஏனென்றால் நாங்கள் ஏற்கெனவே மூன்று தடவை அனுப்பப்பட்டவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கலப்பையை மாட்டும்போது இரும்பு முளை ஒன்று நழுவி அவருடைய இடது கால் கட்டைவிரலில் விழுந்தது. சர்க்கரை உடம்பு. முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதிப் பாதம், அப்புறம் முட்டிக்குக் கீழே ஒரு சாண் விட்டுவிட்டு மீதி எல்லாம். எல்லாம் ஒரே மாசத்துக்குள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு நம்பரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கித்தான் ஆரம்பித்தார்கள். பட்ட காலிலே படும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது பழமொழி இல்லை, டிஸ்சார்ஜ் சீட்டு.

வெட்டியது போக நின்ற அந்த ஒரு சாணை நாங்கள் மிச்சக்கால் என்போம். அதன் மேல் ஒரு உறை, உறைக்கு மேல் பிளாஸ்டிக் கூடு, கூட்டுக்குக் கீழே இரும்புத் தண்டு, தண்டுக்குக் கீழே ரப்பர் பாதம். இதுதான் என் வீட்டுக்காரர் பூபாலனின் இடது கால். அதைப் போட்டுக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்தால் செருப்பு கடிக்கிறது போல என்று நினைப்பீர்கள், அவ்வளவுதான்.

பொத்தேரியில் ஒரு பெரிய யூனிவர்சிட்டியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இப்படிக் கால் போட்டவர்களைப் பத்து வாரம் வரச்சொல்லிச் சோதனை செய்கிறார்கள் என்று, கால் செய்து கொடுத்த இடத்தில்தான் சொன்னார்கள். கூடு இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளே இருக்கிற சதைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா, அந்த ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்களாம். ஹரிப்ரியா அதற்காகவே படிக்கிற பெண். படூரில் அடுக்குமாடி வீடு, அப்பா கல்பாக்கத்தில் விஞ்ஞானி. வேலையில் படு சுத்தம். காலைக் கழற்றிவிட்டு இருபது நிமிஷம் சும்மா உட்காரவைப்பாள். பிறகு சிவப்பு வெளிச்சம் வருகிற பொத்தான் மாதிரி இரண்டு சென்சாரை மிச்சக்காலில் ஒட்டி, மேலே உறையையும் கூட்டையும் மாட்டச்சொல்லி, ஓடுகிற பட்டையில் பத்து நிமிஷம் நடக்கவிடுவாள். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். கடைசியில் ஒரு நம்பர் வரும்.

“எதுக்கும்மா சொம்மா இருவது நிமிசம் குந்த வெக்கிற?” என்று நான் கேட்டேன்.

“வெளியில வெயில்ல இருந்து வர்றீங்க இல்ல ஆன்ட்டி. கால் சூடா இருந்தா ரத்தம் நிறைய ஓடும், நம்பர் ஏறிக் காட்டும். அதனால ஆறவிட்டுத்தான் எடுக்கணும்.”

அவள் நல்ல மனசோடு சொன்னாள். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

நான் எப்படிப்பட்டவள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பையன் இனியன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். பத்தாவதில் அவனை நானூற்று அறுபது வாங்கவைத்தவள் நான். அவனா வாங்கினான்? நான் வாங்கினேன். எந்தக் கேள்வி வரும், எந்தப் பாடத்தை விடலாம் என்று ட்யூஷன் வாத்தியார்களிடம் கேட்டுக் கேட்டு உருப்போடவைத்தேன். மார்க் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு வழி இருக்கும். வழி தெரியாதவன்தான் பெயிலாவான். இந்தப் புத்தியோடுதான் பொத்தேரியில் ரயில் ஏறினேன்.

ரயில் மறைமலைநகர் தாண்டியதும் அவர் காதருகே சொன்னேன்.

“அடுத்த வாரம் ஒத்தடம் குடுத்து இட்டுகினு வரட்டா?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “காப்பி அடிக்கிற மாதிரி கீதே ரேணு.”

“நம்ம காலு, நம்ம வெந்நீரு. யாரப் பாத்து காப்பி அடிச்சோம்?”

அவர் சிரித்துவிட்டார். ஆனால் கை மட்டும் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தது. அந்த முட்டிதான் அவருக்கு எல்லாம். நெரும்பூரில் எங்களுக்கு நிலம் கொஞ்சம்தான். டிராக்டர்தான் சோறு போடுகிறது. நாலு ஊருக்கு ஏர் ஓட்டுவார். காலையில் கொக்கிலமேட்டுக்குப் போய், கடலிலிருந்து வரும் ஃபைபர் படகுகளைக் கயிறு கட்டி மணல்மேட்டுக்கு இழுத்து வைப்பார். டிராக்டரில் கிளட்ச் இடது கால் பக்கம். ரப்பர் பாதத்தைக் கிளட்சின் மேல் வைத்து, முட்டியை மடக்கி நீட்டி மிதிக்க அவர் பழகிய அந்த மூன்று மாசம் எனக்குத் தெரியும். வண்டி துள்ளித் துள்ளி நின்றது. ஊரே வேடிக்கை பார்த்தது. நான்காவது மாசம் உழுத சால் கோடு போட்ட மாதிரி இருந்தது. முட்டிக்கு மேலே எடுத்தவர்களும் எங்கேயோ டிராக்டர் ஓட்டலாம். தன்னால் முடியாது என்று இவர் முடிவு பண்ணிவிட்டார்.

அடுத்த வியாழன் ஃபிளாஸ்க்கோடும் துண்டோடும் கிளம்பினேன். ஃபிளாஸ்க் தண்ணீர் பொத்தேரி வருவதற்குள் வெதுவெதுப்பாகிவிட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே சீனு என்பவர் டிபன் கடை வைத்திருந்தார். பத்தரை மணிக்குப் பையன்கள் கூட்டம் ஓய்ந்திருக்கும். ‘கால் வலிங்க, கொஞ்சம் வெந்நீர் குடுங்க’ என்றேன். அவர் நல்ல மனுஷன். பின்பக்கம் கைகழுவும் இடத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, அண்டாவிலிருந்து கொதிக்கக் கொதிக்க மொண்டு கொடுத்தார்.

துண்டை முக்கிப் பிழிந்து மிச்சக்காலைச் சுற்றினேன்.

“சுடுதா?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “ம், சுடுது. போதும்,” என்றார்.

துடைத்து, உறை மாட்டி, அதற்கு மேல் கம்பளி உறை ஒன்றும் மாட்டி, காலைப் போட்டு அழைத்துப்போனேன். ஹரிப்ரியா கையில் இருந்த தாளைப் பார்த்து வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். ராத்திரி தூங்கினீங்களா, காலையில சாப்பிட்டீங்களா, காலில் தைலம், ஒத்தடம் ஏதாவது?

“இல்லம்மா,” என்றார் அவர்.

அவள் எழுதிக்கொண்டாள். நான் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன்.

அன்றைக்கு நம்பர் ஐம்பத்தெட்டு.

“சூப்பர் அங்கிள்! போன வாரம் ஏசிதான் ஜாஸ்தியா இருந்திருக்கும் போல,” என்று அவளே எங்களுக்குக் காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தாள். பாவம், அவளுக்கு எங்களைப் பிடித்திருந்தது. அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் கோடும் நம்பரும் அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவாள். இனியனின் மார்க் ஷீட்டுகளை வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலேயே அவற்றையும் போட்டு வைத்தேன்.

அறுபத்தொன்று. அறுபது. அறுபத்துநாலு. இருபது நிமிஷம் தாண்டியும் சூடு நிற்க வேண்டுமே, அதனால் வாரத்துக்கு வாரம் வெந்நீரின் சூட்டைக் கூட்டினேன். ஆறாவது வாரம் துண்டைப் பிழிய முடியாமல் என் உள்ளங்கை சிவந்துபோய், சீனுவிடம் இடுக்கி வாங்கித் தூக்கினேன். என் கை தாங்காத சூட்டை அவர் கால் தாங்கியது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ‘சுடுதா’ என்று கேட்பேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து ‘சுடுது, போதும்’ என்பார். எனக்கு அது போதுமாக இருந்தது. கொக்கிலமேட்டில் படகுக்கார ஜான்சனிடம் ‘அறுபத்திநாலு அண்ணாத்த, பசங்க காலுக்குக்கூட அவ்ளோ வராதாம்’ என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. எங்கள் புளுகு எட்டு வியாழன் ஓடியது.

ஒன்பதாவது வாரச் சோதனை முடிந்து இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலையில் உறையைக் கழற்றியவர் என்னைக் கூப்பிட்டார். மிச்சக்காலின் நுனியில் பத்து ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தோல் கொப்பளித்து, உடைந்து, உறையோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கீழே சதை வெளுத்திருந்தது. ரத்தம்கூட வரவில்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். “சுடலயாய்யா உனுக்கு? வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?”

“சுட்டுச்சு. தாங்கிகினேன். நம்பர் ஏறணும் இல்ல?”

நம்பினேன். எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருக்கிறார் என்று நினைத்து இன்னும் அழுதேன். மருந்து போட்டுக் கட்டினேன். அந்தக் கட்டுக்கு மேலேயே உறையை மாட்டிக்கொண்டு திங்கட்கிழமை படகு இழுக்கப் போனார். வேண்டாம் என்று கத்தினேன். ‘ஒரு நாள்தானே’ என்றார். ஈர மணல் உள்ளே போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை புண்ணின் ஓரம் கறுத்திருந்தது.

செங்கல்பட்டில் சர்க்கரைக் கால் பார்க்கிற டாக்டர் தீனதயாளனிடம் அழைத்துப்போனேன். வயசானவர், அவசரப்படாதவர். புண்ணைச் சுத்தம் செய்தார். ரத்தக்குழாய்க்கு ஸ்கேன் எடுத்தார். மெல்லிய நைலான் இழை செருகிய ஒரு குச்சியால் அங்கங்கே தொட்டு ‘தெரியுதா, தெரியுதா’ என்று கேட்டார். ‘தெரியுது சார்’ என்றார் இவர் ஒவ்வொரு தடவையும். இவர் கண் டாக்டரின் கையை விட்டு அகலவில்லை.

“ஸ்கேன் ரெண்டுங்கெட்டானா இருக்கு,” என்றார் டாக்டர். “முட்டிக்குக் கீழ குழாய் சுருங்கியிருக்கு. ஆனா எவ்வளவு ரத்தம் தோலுக்கு வந்து சேருதுன்னு இதுல தெரியாது.”

உடனே என் வீட்டுக்காரர், “கவரக் குடு ரேணு,” என்றார்.

கொடுத்தேன். வேறு என்ன செய்ய? டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று, அறுபது, அறுபத்துநாலு. முகம் தெளிந்தது.

“எட்டு வாரமா நல்லா இருக்கே! அப்ப இது ஆறிடும். பத்து நாள் கட்டுப் போட்டுப் பார்ப்போம். இது மட்டும் இல்லன்னா நான் இன்னைக்கே முட்டிக்கு மேல போகச் சொல்லியிருப்பேன்.”

என் வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து நசுக்கினார். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் எப்படித் திறப்பாள்? வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மூன்று நாள். தினமும் காலையில் கட்டைப் பிரித்தேன். முதல் நாள் வாடை இல்லை. இரண்டாம் நாள் இருந்தது. மூன்றாம் நாள் வாசலில் நிற்கும்போதே வந்தது. உடம்பு கொதித்தது. கறுப்பு ஓரம் ஒரு விரல்கடை மேலே ஏறியிருந்தது. அவர் மட்டும், ‘டாக்டரே சொல்ட்டாரு இல்ல, ஆறிடும்’ என்று எனக்குத் தைரியம் சொன்னார். நான் கொடுத்த ஒத்தடத்தை நம்பி டாக்டர் காத்திருக்கிறார், டாக்டரை நம்பி இவர் காத்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் முட்டி போகும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார். இதை யோசிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பக்கத்து வீட்டு அம்சாவை அவருக்குத் துணைக்கு உட்காரவைத்துவிட்டுப் பொத்தேரிக்குப் போனேன்.

வியாழக்கிழமை இல்லாத நாளில் என்னைப் பார்த்ததும் ஹரிப்ரியா எழுந்து நின்றாள். “அங்கிள் எப்படி இருக்காங்க? இந்த வாரம் ஏன் வரல?”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெந்நீர், துண்டு, சீனு கடை பெஞ்சு, கம்பளி உறை, கொப்புளம், டாக்டர் பார்த்த தாள்கள். அவள் ஒரு கேள்வியும் குறுக்கே கேட்கவில்லை. முடித்ததும் ஃபைலை எடுத்துப் பிரித்தாள்.

“எத்தனை வாரம்?”

“எட்டு.”

“முதல் வாரம்?”

“அது மட்டும் நெசம்மா.”

“நாற்பத்தொண்ணு,” என்று அவளே சொன்னாள். பிறகு குரல் உடைந்தது. “ஒவ்வொரு வாரமும் நான் கேட்டேனே ஆன்ட்டி. தாளைப் பார்த்துத்தான் கேட்டேன், வந்த உடனே காலைத் தொட்டுப் பார்க்கல. தொட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நம்பர் நல்லா வருதுன்னு எனக்கும் சந்தோஷம்.”

“பெயிலாயிட்டா வெட்டிடுவாங்கன்னு பயந்துட்டேம்மா.”

“இது மார்க் இல்ல ஆன்ட்டி!” முதல்முறையாகக் கத்தினாள். “கம்மியா வந்தா தப்பு உங்க மேல இல்ல. கூடு இறுக்கமா இருக்குன்னு அர்த்தம். நான் லூஸ் பண்ணச் சொல்லியிருப்பேன். டாக்டர்கிட்ட அனுப்புறது வெட்டுறதுக்கா? அடைப்பு எங்க இருக்குன்னு பார்த்து, குழாயை விரிச்சுவிடலாமான்னு கேக்குறதுக்கு. ரெண்டு மாசம் முன்னாடி...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

நிறுத்தியது என் மேல் இருந்த இரக்கத்தால். ஆனால் மீதி என் காதில் விழுந்துவிட்டது. இரண்டு மாசம் முன்னாடி அந்தக் காலுக்கு வழி இருந்திருக்கலாம். அந்த வழியை நான் வெந்நீர் ஊற்றி அடைத்திருக்கிறேன்.

அவள் டாக்டர் தீனதயாளனுக்குப் போன் போட்டாள். பிறகு இன்னும் இரண்டு பேருக்குப் போட்டு, காலைக் கழற்றி வைத்துவிட்டு உடனே வரச்சொன்னாள். அவர்கள் யார் என்று கேட்டேன். “சோதனைக்கு வர்றவங்கதான். கூடு அங்கிளுக்கு இருந்த இறுக்கத்துலயே நம்பர் நல்லா வருதேன்னு அவங்களுக்கும் அதே மாதிரி போட்டோம்,” என்றாள். நான் அந்த அறையில் இருந்த நாற்காலியில் உட்காரக் கூசி வெளியே வந்து நின்றேன். நல்லவேளையாக அவர்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை மறுநாள்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

“நீயே போயி சொன்னியா?”

“சொன்னேன்.”

“டாக்டரே ஆறிடும்ன்றாரு. நீ எதுக்குடி போயி ஒளறின?”

“டாக்டரு எங்க உன் காலப் பாத்தாரு? நான் சுட வெச்ச துண்டத்தான் பாத்தாரு. நாளைக்கு அந்தப் பொண்ணு மிஷின எடுத்துகினு செங்கல்பட்டு வருது. ஒத்தடம் இல்லாம மறுபடி எடுக்கணும்.”

“நான் வர்ல. அறுபத்திநாலுதான். அதுவே இருக்கட்டும்.” முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “என் முட்டிய நீயே வெட்டிட்ட ரேணு.”

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வெளியே வரும்.

“ஆமாய்யா, நான்தான் வெட்னேன். ரெண்டு நாளா வாடை வருது, உனுக்கு மூக்கும் இல்லயா? முட்டி போனா கிளட்ச் போவும். டிராக்டர் போவும். போட்டும்! நீ போயிட்டா எனுக்கு இன்னா கீது? அந்த டிராக்டர வெச்சிகினு நான் யார இழுக்கறது?”

அவர் திரும்பவில்லை. அம்சா இரண்டு பேருக்கும் காப்பி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டாள். காப்பி ஆறி ஆடை கட்டியது. மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது, யாரும் சொல்லாமலே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. ஆட்டோவில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரைக்கும் பேசவில்லை. தாண்டிய பிறகும் பேசவில்லை.

டாக்டரின் அறையில் ஹரிப்ரியா சின்ன மிஷினை வைத்திருந்தாள். என் வீட்டுக்காரரைப் படுக்கவைத்தாள். முதலில் தன் உள்ளங்கையை வைத்து மிச்சக்காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இருபது நிமிஷம். கடிகாரத்தை எல்லோரும் பார்த்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சென்சாரைப் புண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கோடு கீழேயே ஓடியது. பத்தொன்பது. முட்டிக்குச் சற்றுக் கீழே நகர்த்தினாள். இருபத்தாறு. அவள் திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இங்க திருப்பும்மா,” என்றார் அவர். “நானும் பாக்கறேன்.”

திருப்பினாள். அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“மேல வெச்சுப் பாரு.”

முட்டிக்கு மேலே, தொடையில் வைத்தாள். கோடு எழும்பி நின்றது. ஐம்பத்தொன்பது.

“இது சொந்தமா வந்தது இல்ல?” என்று கேட்டார்.

“ஆமா அங்கிள். இது உங்களோடது.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். யாரையும் திட்டவில்லை. விஷம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, குழாயை விரித்து ரத்தம் வரும்வரை காத்திருக்க இப்போது நேரமில்லை, கீழே வைத்து வெட்டினால் ஆறாது, மேலே வெட்டினால் ஆறும் என்றார். அவர் சொன்னதில் எனக்குப் புரியாதது ஒன்றுமே இல்லை. என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மனைவி என்று போட்டிருந்த இடத்தில் நான் போட்டேன். கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆபரேஷன் என்று முடிவானது. ஒன்றரைக்கு டாக்டர் வந்து, நீல மார்க்கரால் தொடையைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். நர்ஸ் ஊசி மருந்து எடுத்துவரப் போனாள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து என்னோடு பேசாத மனுஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“அங்க எனுக்கு ஒரு வருசமா ஒண்ணுமே தெரியாது ரேணு. தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. நீ துண்ட சுத்தினவொடனே மனசுக்குள்ள நூறு எண்ணுவேன். எண்ணி முடிச்சிட்டு, சுடுது போதும்னு சொல்லுவேன். தெரியலன்னு சொன்னா மறுபடி வெட்டுவாங்கன்னு பயம். ஒன்கிட்டயும் சொல்லல.”

நூறு. என் கெட்ட மனசு அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. ஐம்பது எண்ணியிருந்தால் கொப்பளித்திருக்காதோ? நான் ‘சுடுதா’ என்று கேட்பதற்குப் பதிலாக ஒரே ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்திருந்தால்? எட்டு வியாழக்கிழமை நான் அவருக்காக ஏமாற்றினேன், அவர் எனக்காக ஏமாற்றினார். நடுவில் அந்தக் கால் கேட்க ஆளில்லாமல் கிடந்திருக்கிறது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

அவர் என் கையைப் பிடித்து இழுத்து, நீலக் கோட்டுக்கு மேலே தன் தொடையில் வைத்து அழுத்தினார்.

“இங்க தெரியுது,” என்றார். “ஒன் கை சில்லுன்னு கீது.”